நைலான் வந்த வழி

அகமதாபாத்திலும் சூரத்திலும் மும்பையிலும் குடியேறி வாழும் நம்மவர்கள் ‘நைலான் கமண்’ என்னும் பலகாரத்தைச் சுவைத்திருப்பார்கள். கடலைமாவை நுரைக்கச் செய்து ஆவியில் வேகவைத்தெடுக்கும் மெத்தென்ற பண்டம் அது. மயிரிழை போலப் பிழிந்தெடுத்த சேவுக்கும் அங்கே ‘நைலான் சேவ்’ என்றே பெயர். நாமுந்தான் சேலத்து ஜவ்வரிசியில் ஒரு வகையை ‘நைலான் ஜவ்வரிசி’ என்று கேட்டு வாங்குகிறோம். இவற்றில் ஒன்றிலேனும் ஓர் இழை நைலான் இல்லை என்பதைக் கூற வேண்டியதில்லை. மெல்லியது, வழுவழுப்பானது, புதுமையானது என்னும் மூன்று பொருளையும் ஒரு சொல்லில் அடக்க விரும்பிய வணிகர்கள் அச்சொல்லை எடுத்தாண்டனர், மக்களும் ஏற்றுக்கொண்டனர். 1938ஆம் ஆண்டுக்கு முன் உலகின் எந்த மொழியிலும் வழங்காத அச்சொல், இந்நாட்டின் சமையற்கட்டு வரையில் வந்து சேர்ந்த வரலாற்றையே இங்கு சொல்லப் புகுகிறோம்.

மனிதன் நெடுங்காலமாக நம்பியிருந்த இழைகள் சிலவே. செடி தந்தவை பருத்தியும் ஆளியும். ஆடு தந்தது கம்பளி. புழு தந்தது பட்டு. இவற்றுள் பட்டு ஒன்றே இயற்கையில் நூலாகவே பிறப்பது. மற்றவை யாவும் குட்டையான நார்களே. அவற்றைச் சேர்த்து முறுக்கி நூலாக்கியது மனிதனின் கைத்திறன். பட்டுப்புழுவோ தன் வாயிலிருந்து கசியும் பசையை ஒரே இழையாக நூற்றுக்கணக்கான கஜ நீளத்துக்கு இழுத்து விடுகிறது. புழு செய்யும் இதனை நாம் ஏன் செய்யக்கூடாது என்ற கேள்வியை 1665ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் எழுப்பிவிட்டார். விடை கிடைக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பிரான்சு நாட்டின் ஷார்தொன்னே என்பவர் மரநாரை அமிலத்தில் பக்குவம் செய்து இழையாக இழுத்து, 1889ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். அது எளிதில் தீப்பற்றும் தன்மையுடையதாயிருந்தது. பின்னர் வந்த விஸ்கோஸ் முறையே நிலைத்தது. ரேயான் என்று நாம் அழைப்பது அதுவே. கேரளத்தில் பெரும்பாவூரையடுத்த ரேயான்புரமும், கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிறுமுகையும் அவ்விழையால் பெயர் பெற்ற ஊர்களாகும்.

ஆயினும் ரேயானை முழுச் செயற்கை என்று சொல்லிவிட இயலாது. மரத்தில் இயற்கை செய்து வைத்த நாரையே அது கரைத்து மறுபடியும் இழையாக்குகிறது. நைலானின் கதை வேறு. அதன் மூலக்கூறு எந்த மரத்திலும் எந்த உயிரிலும் இருந்ததில்லை.

அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் நகரில் டூபாண்ட் என்னும் கம்பெனி 1802ஆம் ஆண்டில் வெடிமருந்து செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. அக்கம்பெனியின் இரசாயனப் பிரிவின் தலைவராக இருந்த சார்லஸ் ஸ்டைன், உடனடி ஆதாயத்தைக் கருதாது, அறிவுக்காகவே நடத்தும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டுமென்று 1927ஆம் ஆண்டில் நிர்வாகத்தினரை இணங்க வைத்தார். வணிகம் செய்யும் கம்பெனிக்கு அது புதிய வழக்கம். கூட வேலை செய்தவர்கள் அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குத் ‘தூய்மை மண்டபம்’ என்று கேலிப்பெயர் சூட்டினார்களாம். அங்கே 1928ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தவர் வாலஸ் ஹியூம் கரோதர்ஸ். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். அப்போது அவருக்கு வயது 31. அமைதியான சுபாவமும் ஆழ்ந்த படிப்பும் உடையவர். கூடவே தீராத மனச்சோர்வும் அவரை இளமை முதல் தொடர்ந்து வந்தது.

அக்காலத்து விஞ்ஞானிகளிடையே ஒரு பெரும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. ரப்பர், பட்டு, பருத்தி போன்ற பொருள்கள் சிறு மூலக்கூறுகள் ஏதோ ஒரு கவர்ச்சியால் ஒட்டிக் கிடக்கும் திரள்கள் என்பது பெரும்பாலோர் கொள்கை. இல்லை, அவை ஆயிரக்கணக்கான அணுக்கள் உறுதியாகப் பிணைந்த நெடுஞ்சங்கிலிகள் என்று ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920 முதல் வாதிட்டு வந்தார். பலர் அவரை நம்பவில்லை. கரோதர்ஸ் வாதத்தில் இறங்கவில்லை. அத்தகைய சங்கிலி ஒன்றைத் தாமே கட்டிக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

இதனை விளங்கிக்கொள்ள நாம் ஊருக்குப் போகும் இரயிலை நினைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு பெட்டிக்கும் இரு முனையிலும் கொக்கி உண்டு. இருபுறமும் கொக்கியுள்ள ஒரு வகை மூலக்கூறையும், அக்கொக்கியைப் பற்றும் வளையம் இருபுறமும் உள்ள மற்றொரு வகையையும் சேர்த்துக் காய்ச்சினால், ஒன்று மாற்றி ஒன்றாக அவை கோத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு கோப்பின்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளிப்படும். இங்கேதான் இடையூறு இருந்தது. அந்த நீர் அங்கேயே தங்கினால் கோத்த கொக்கி மீண்டும் கழன்றுவிடும். வண்டி ஓரளவுக்கு மேல் நீளாது. கரோதர்ஸின் குழுவினர் வெற்றிடத்தில் இயங்கும் ஒரு வகை வாலையைப் பயன்படுத்தி அந்த நீரை உடனுக்குடன் வெளியேற்றினர். சங்கிலி நீண்டது.

1930ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜூலியன் ஹில் என்ற உதவியாளர், அவ்வாறு காய்ச்சிய பாலியெஸ்டர்க் குழம்பில் கண்ணாடிக் கோலைத் தொட்டு எடுத்தபோது, அது பாகு போல இழையாக நீண்டு வந்தது. ஆறிய பின்னரும் அந்த இழையை இழுத்தால் அது அறுந்து போகாமல் பல மடங்கு நீண்டது. நீண்ட பிறகு முன்னிலும் வலுவாகவும் பளபளப்பாகவும் ஆயிற்று. ஹில்லும் தோழர்களும் ஆராய்ச்சிக்கூடத்து நடைவழியில் இழையின் முனையைப் பிடித்துக்கொண்டு ஓடி விளையாடியதாக ஒரு கதை வழங்குகிறது. விளையாட்டோ அன்றோ, நைலான் உட்பட இன்று நாம் உடுத்தும் பல செயற்கை இழைகளின் வலுவும் அந்த இழுப்பிலிருந்தே வருகிறது. இழுக்கப்படாத இழையில் மூலக்கூற்றுச் சங்கிலிகள் சிக்குப் பிடித்த கூந்தல் போலக் கிடக்கின்றன. இழுக்கும்போது அவை சீவிய கூந்தல் போல ஒரே திசையில் படிந்து, ஒன்றையொன்று நெருங்கி இறுகப் பற்றிக்கொள்கின்றன.

ஆனால் அந்த முதல் இழை ஆடைக்கு உதவவில்லை. அது குறைந்த சூட்டிலேயே உருகியது. இஸ்திரிப் பெட்டிக்கும் சலவைக்காரரின் வெந்நீருக்கும் தாங்காத துணியை யார் வாங்குவார்? கரோதர்ஸ் சில காலம் அம்முயற்சியையே கைவிட்டார். பின்னர் அமைடு என்னும் வேறு வகைப் பிணைப்புக்குத் திரும்பினார். பட்டிலும் கம்பளியிலும் இயற்கை கையாண்டிருப்பது அந்தப் பிணைப்பையே. 1935ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், ஹெக்ஸாமெதிலீன் டையமின், அடிப்பிக் அமிலம் ஆகிய இரண்டையும் சேர்த்து அவருடைய குழுவினர் செய்த பொருளே நைலான். இரண்டிலும் ஆறாறு கரியணுக்கள் இருப்பதால் அதற்கு ‘ஆறு-ஆறு’ என்று அடையாளம். அதைவிடச் சில குணங்களில் மேம்பட்ட வேறொரு வகையைக் கரோதர்ஸ் விரும்பினார் என்பர். ஆனால் மேலதிகாரியான எல்மர் போல்ட்டன், மலிவாகக் கிடைக்கும் பென்சீனிலிருந்து இரு மூலப்பொருள்களையும் பெறலாம் என்ற காரணத்தால் ‘ஆறு-ஆறை’யே தேர்ந்தெடுத்தார்.

கரோதர்ஸ் தம் கண்டுபிடிப்பு கடைக்கு வந்ததைப் பார்க்கவில்லை. அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் 1936ஆம் ஆண்டில் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. தொழிற்சாலையில் பணியாற்றும் கரிம இரசாயன அறிஞர் ஒருவருக்கு அப்பெருமை கிடைத்தது அதுவே முதன்முறை. அவருடைய மனமோ தாம் தோற்றுவிட்டதாகவே அவரை வதைத்தது. மறு ஆண்டு தொடக்கத்தில் அன்புத் தங்கையின் மரணமும் நேர்ந்தது. 1937 ஏப்ரல் 29ஆம் நாள், நாற்பத்தொன்று நிறைந்த மூன்றாம் நாளில், பிலடெல்பியாவின் ஓர் ஓட்டலில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய ஒரே மகள் அவ்வாண்டு நவம்பரில் பிறந்தாள். நைலானுக்குரிய காப்புரிமை 1938 செப்டம்பரில் அவர் பெயரில் வழங்கப்பட்டது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க், லண்டன் ஆகிய இரு நகரங்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘நைலான்’ என்று வைத்தார்கள் என்று பள்ளிக்கூடங்களில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது கற்பனை. காலுறையில் ஓரிடத்தில் இழை அறுந்தால் நீளவாட்டில் பிரிந்துகொண்டே போவதை அமெரிக்கர் ‘ரன்’ என்பர். அவ்வாறு பிரியாதது என்னும் பொருளில் ‘நோ-ரன்’ என்று தொடங்கி, அவ்வாறு உறுதி கூற இயலாதென்று எழுத்துக்களை முன்பின்னாக மாற்றி மாற்றிக் கடைசியில் ‘நைலான்’ என்று முடித்தனர். கம்பெனி அதை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யாமல் பொதுச்சொல்லாகவே விட்டுவிட்டது. அதனால் அல்லவா சூரத்துப் பலகாரக் கடைக்காரர் அச்சமின்றி அதை எடுத்தாள முடிந்தது!

நைலான் முதலில் விற்பனைக்கு வந்தது பல் துலக்கும் பிரஷ்ஷில், ஆண்டு 1938. அதுவரை பன்றி மயிரே அதற்குப் பயன்பட்டு வந்தது. ஆனால் கம்பெனியின் கண் முழுவதும் பெண்களின் காலுறையின்மீதே இருந்தது. பாவாடை முழங்காலுக்கு ஏறிய பின் மேனாட்டுப் பெண்கள் பட்டுக் காலுறையின்றி வெளியே செல்வதில்லை. அமெரிக்கா இறக்குமதி செய்த பட்டில் பெரும்பகுதி அதற்கே செலவாயிற்று. அப்பட்டு ஜப்பானிலிருந்து வந்தது. 1938 அக்டோபர் 27ஆம் நாள், நியூயார்க் உலகக் கண்காட்சிக்கென ஏற்பாடாகிவந்த இடத்தில் கூடியிருந்த மகளிர் சங்க உறுப்பினர்களிடையே ஸ்டைன் புதிய இழையை அறிவித்தார். நிலக்கரி, நீர், காற்று ஆகிய மூன்றிலிருந்து எஃகைப் போன்ற வலுவும் சிலந்தி வலையின் நேர்த்தியும் கொண்ட நூல் வந்துவிட்டது என்பதே அவர் பேச்சின் சாரம். வில்மிங்டன் நகரத்தார்க்கு மட்டும் என்று 1939 அக்டோபரில் விற்பனைக்கு வைத்த 4,000 ஜோடிக் காலுறைகள் சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோயின. 1940 மே 15 முதல் நாடெங்கும் விற்பனை தொடங்கியது. முதலாண்டில் மட்டும் சுமார் 6 கோடியே 40 லட்சம் ஜோடிகள் விலைபோயின.

இந்தச் செய்தியை ஜப்பானின் மலைக்கிராமங்களிலிருந்து பார்த்தால் வேறு விதமாகத் தோன்றும். 1920-களில் கச்சாப்பட்டே அந்நாட்டின் ஏற்றுமதியில் முதலிடம் வகித்தது. மல்பெரித் தோட்டம் வைத்து, வீட்டுக்குள்ளேயே தட்டுக்களில் புழு வளர்த்த குடியானவக் குடும்பங்களும், நூல் இழுக்கும் ஆலைகளுக்குச் சென்ற அவர்களுடைய பெண்களும் அந்த வருவாயை நம்பியிருந்தனர். 1930ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார மந்தத்திலேயே பட்டின் விலை சரிந்துவிட்டது. ஆகவே நைலான்தான் அவர்களைக் கெடுத்தது என்று கூறுவது முழு உண்மையாகாது. ஆனால் போர் முடிந்து வாணிபம் மறுபடி தொடங்கியபோது, அவர்கள் திரும்பிச் செல்லக் காலுறைச் சந்தை இல்லை. அந்த இடத்தில் நைலான் உட்கார்ந்திருந்தது.

போரே நைலானை உலகறியச் செய்தது. 1941ஆம் ஆண்டில் ஜப்பானியப் பட்டு வரவு நின்றது. அமெரிக்கா போரில் இறங்கியதும், 1942 தொடக்கத்தில் ஆடைக்கு நைலான் கொடுப்பது நிறுத்தப்பட்டது. பாராசூட், கயிறு, கூடாரம், விமானச் சக்கரங்களின் டயருக்குள் வைக்கும் நூல் ஆகியவற்றுக்கு அது முழுதும் சென்றது. 1942 ஜூன் மாதம் கனெக்டிகட் மாநிலத்தில் அட்லின் கிரே என்ற இளம்பெண் நைலான் பாராசூட்டில் முதன்முதலாகக் குதித்துக் காட்டினார். பெண்கள் தங்கள் பழைய காலுறைகளைக் கூடைகளில் போட்டு யுத்த நிதிக்கு அளித்தனர். காலுறை கிடைக்காதவர்கள் காலில் வர்ணம் பூசி, பின்புறத்தில் தையல் வரியை மைப்பென்சிலால் வரைந்துகொண்டனர். போர் முடிந்ததும் கடைகளின் முன் நடந்த தள்ளுமுள்ளை அந்நாட்டுப் பத்திரிகைகள் ‘நைலான் கலகம்’ என்றே வர்ணித்தன. 1946 ஜூன் மாதம் பிட்ஸ்பர்க் நகரில் 13,000 ஜோடிக்காக 40,000 பேர் ஒரு மைலுக்கு மேல் வரிசையில் நின்றார்கள்.

இதற்கிடையில் ஜெர்மனியின் பால் ஷ்லாக், காப்ரோலாக்டம் என்ற ஒரே மூலப்பொருளிலிருந்து வேறொரு வகை நைலானை 1938 ஜனவரியிலேயே செய்திருந்தார். அதற்கு ‘நைலான் ஆறு’ என்று பெயர். இந்திய ஆலைகள் பெரும்பாலும் செய்வது இவ்வகையே.

இனி, இவ்விழையின் குணங்களைச் சற்று நின்று பார்ப்போம். நைலான் செய்யும் முறையிலேயே அதன் குணமும் அடங்கியிருக்கிறது. பொருளை 250 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உருக்கி, நுண்துளைகளுள்ள தகட்டின் வழியே பிழிகிறார்கள். இடியாப்ப உழக்கை நினைத்துக்கொள்ளலாம். வெளிவரும் தாரை காற்றில் உறைந்து இழையாகிறது. அதை நான்கைந்து மடங்கு இழுக்கிறார்கள். இழையின் பருமனை ‘டெனியர்’ என்ற அளவால் குறிப்பர்: 9,000 மீட்டர் நீளம் எத்தனை கிராம் நிறுக்கிறதோ அத்தனை டெனியர். மெல்லிய காலுறைக்கு 15 டெனியர் நூல் போதும். ஒன்பது கிலோமீட்டர் நீள நூலின் எடை 15 கிராம்!

உராய்வைத் தாங்குவதில் நைலானுக்கு நிகர் அரிது. குதிகாலிலும் விரல் நுனியிலும் பருத்திக் காலுறை ஓட்டை விழும் இடத்தில் சிறிது நைலான் சேர்த்து நெய்தால் பல மாதம் கூடுதலாக உழைக்கிறது. பாச்சையும் பூச்சியும் அரிப்பதில்லை. ஈரத்தில் கிடந்தாலும் பூஞ்சணத்தால் இற்றுப்போவதில்லை. உருகும் பொருளாகையால், சூட்டில் ஒரு வடிவம் கொடுத்து ஆறவிட்டால் அவ்வடிவம் சலவைக்கும் அழிவதில்லை. பாவாடையில் வைத்த மடிப்பு மடிப்பாகவே நிற்பது இதனால்தான். பையிலும் செருப்பிலும் பற்றி ஒட்டும் ‘வெல்க்ரோ’ப் பட்டையின் கொக்கிகளும் இந்தக் குணத்தாலேயே வளைந்து நிற்கின்றன.

குறைகளும் அதே இடத்திலிருந்து பிறக்கின்றன. சுற்றுப்புறக் காற்றின் ஈரத்தில் நூறு பங்கு பருத்தி ஏறத்தாழ எட்டுப் பங்கு நீரை உள்வாங்கி வைக்கும். நைலானோ சுமார் நான்கு பங்கே. மும்பையின் ஆடி மாதத்து மழையில் பருத்தி வேட்டி மூன்று நாளாகியும் கொடியில் ஈரமாகத் தொங்கும்போது, நைலான் ஆடை ஓர் இரவில் உலர்ந்துவிடுகிறது. அதே காரணத்தால் சென்னையின் சித்திரை வெயிலில் அது வியர்வையை உறிஞ்சாமல் உடலோடு ஒட்டிப் புழுங்க வைக்கிறது. டெல்லிக்குப் புதிதாகச் சென்ற தமிழர் வேறொன்றையும் கண்டிருப்பார்கள். தை மாதத்து வறண்ட குளிரில், இருட்டில் நைலான் சட்டையைக் கழற்றினால் சடசடவென்று ஒலி எழும். சிறு பொறிகள்கூடத் தெரியும். உராய்வால் எழும் மின்சாரம் வழிந்தோட ஈரம் வேண்டும். கடற்கரை ஊர்களின் காற்றில் ஈரம் உண்டு. டெல்லியின் குளிர்காலத்தில் போதிய அளவு இல்லை. ஊரில் நல்லபடி நின்ற சேலை அங்கே காலைச் சுற்றிக்கொள்வதன் காரணம் இதுவே. இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் இல்லத்தரசிகளுக்குத் தெரிந்தவையே: நைலானைக் கடும் வெயிலில் உலர்த்தினால் வெள்ளை மஞ்சளாகி இழையும் தளரும், சாயம் போகும் துணியோடு ஊறவைத்தால் அந்தச் சாயத்தை அது வாங்கிக்கொள்ளும்.

நம் நாட்டுக்கு நைலான் முதலில் பெட்டியில் மடித்து வைத்துக் கொண்டுவரப்பட்ட பொருளாகவே வந்தது. 1950-களில் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் திரும்புகிறவர்கள் கொண்டுவரும் நைலான் சேலைக்காக உறவினர் கூடும் காட்சியைத் தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டத்தார் அறிவர். அந்நியச் செலாவணி அரிதாயிருந்த காலம் அது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு மிகுதி. ஆகவே கள்ளக் கடத்தலும் மிகுந்தது. 1960-களில் இராஜஸ்தானத்துக் கோட்டா, புனே, பம்பாயின் கோரேகாவ், உத்தரப்பிரதேசத்து மோதிநகர் ஆகிய இடங்களில் ஆலைகள் எழுந்தன. சூரத்தின் செயற்கைப் பட்டுத் தறிகள் அந்நூலை வாங்கிச் சேலையாக நெய்தன. 1970-களில் வடோதராவில் காப்ரோலாக்டமும், சென்னையை அடுத்த மணலியில் டயருக்கான நைலான் நூல் துணியும் உற்பத்தியாகத் தொடங்கின. இன்றும் நம் நாட்டின் நைலானில் பெரும்பங்கு டயருக்குள் மறைந்தே போகிறது.

கோட்டாவைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. பொறியியல் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கென நம் வீட்டுப் பிள்ளைகளும் சென்று தங்கும் அந்த ஊரின் பயிற்சிப் பள்ளிகளுக்கு வித்திட்டவர் வினோத் குமார் பன்சால். அவர் அந்த நைலான் ஆலையில் பொறியாளராக இருந்தவர். தசைநோயால் நடமாட்டம் குறைந்தபோது வீட்டில் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஆலை 1990-களில் மூடப்பட்டது, பள்ளிகள் பெருகின.

1960-களிலும் 70-களிலும் ‘நைலெக்ஸ்’ சேலை தமிழ்ப் பெண்களிடையே பெற்ற செல்வாக்கைப் பகட்டு என்று பெரியவர்கள் கடிந்துகொண்டதுண்டு. கைத்தறியைக் கைவிடுகிறார்களே என்ற வருத்தத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பெண்களின் பக்கத்து நியாயத்தை எழுதியவர் குறைவு. பருத்திச் சேலை என்றால் துவைத்து, கஞ்சியிட்டு, நீளக் கொடியில் உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். பம்பாயில் ஒற்றை அறைக் குடியிருப்பில் வாழ்ந்துகொண்டு, காலை எட்டு மணி மின்சார ரயிலைப் பிடித்து அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ சென்ற பெண்ணுக்கு அந்தக் கொடி எங்கே, நேரம் எங்கே? இரவில் அலசிப் போட்டுக் காலையில் எடுத்துக் கட்டிக்கொள்ளும் சேலை அவளுக்கு ஒரு மணி நேர உறக்கத்தை மீட்டுக்கொடுத்தது. அவள் விலை கொடுத்து வாங்கியது பளபளப்பை மட்டுமன்று என்பதே என் கருத்து.

அதே சேலை அடுப்படியில் உயிருக்கு உலை வைத்ததும் உண்டு. நைலான் தனியாக இருக்கும்போது சுடரைக் கண்டு சுருங்கி விலகும். பருத்தியைப் போலக் குப்பென்று பற்றி எரிவதில்லை. இதனால் அது தீக்கு அஞ்சாதது என்று பலர் எண்ணினர். ஆனால் உருகிய நைலான் கொதிக்கும் அரக்கைப் போன்றது. உடலில் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு தோலை ஆழமாகச் சுடும். பிய்த்தெடுக்க முயன்றால் தோலும் சேர்ந்து வரும். அடியில் பருத்திப் பாவாடை இருந்தால் அபாயம் இன்னும் பெரிது. உருகியது கீழே சொட்டிப் போகாமல் பருத்தியில் ஊறிக்கொள்ள, விளக்கில் திரி எண்ணெயைப் பிடித்து எரிவதுபோல அது நின்று எரியும். காற்றடிக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ் தரையில் இருந்த காலத்தில், குனிந்து கிளறும்போது முந்தானை சரிந்து தீப்பற்றிய குடும்பங்களின் துயரம் எழுதி முடியாதது. எரிவாயு அடுப்பு மேடைமீது ஏறிய பிறகும் இந்த இயல்பு மாறவில்லை. அடுப்படிக்குச் செல்லுமுன் பருத்திச் சேலைக்கு மாறிக்கொண்ட பாட்டிமார் செய்தது சரியே. தீப்பட்டுவிட்டால் குளிர்ந்த நீரை நெடுநேரம் ஊற்ற வேண்டும். ஒட்டிய துணியை மருத்துவரே எடுக்க வேண்டும்.

ஆடையுலகில் நைலானின் ஆட்சி நீடிக்கவில்லை. கரோதர்ஸ் கைவிட்ட பாலியெஸ்டரை மான்செஸ்டரில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் 1941ஆம் ஆண்டில் மீண்டும் எடுத்தனர். டெரிஃப்தாலிக் அமிலத்தைப் பயன்படுத்தியதால் உருகும் சூடு போதிய அளவுக்கு உயர்ந்தது. அதுவே டெரிலீன். கசங்காமை, மலிவு, பருத்தியோடு கலந்து நெய்தால் நன்கு இணங்குதல் ஆகிய மூன்றிலும் அது நைலானை வென்றது. ‘டெரிகாட்டன்’ சட்டை இந்தியா முழுவதையும் பிடித்தது. சூரத்தின் தறிகளும் பெரும்பாலும் அதற்கே மாறிவிட்டன. இன்று ‘நைலான் சேலை’ என்று பலர் வாய்தவறிச் சொல்வது பெரும்பாலும் பாலியெஸ்டரையே. நைலான் தன் வலுவுக்கேற்ற இடங்களில் தங்கியிருக்கிறது: காலுறை, உள்ளாடை, நீச்சலுடை, விளையாட்டு உடை, மழைக்கோட்டு, குடைத்துணி, தோல்பையும் செருப்பும் தைக்கும் நூல், ஜிப்பின் பற்கள்.

அந்த வலுவே சில இடங்களில் வம்பாயிற்று. டெல்லியிலும் அகமதாபாத்திலும் காற்றாடித் திருவிழாவில் பறவைகளையும் இருசக்கர வண்டியில் செல்வோரையும் அறுக்கும் ‘சீன மாஞ்சா’ அறுந்துபோகாத செயற்கை நூலே. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது. கடலிலும் இவ்வாறே. பருத்தி வலையை மீனவர் நாள்தோறும் கரையில் உலர்த்தி, மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துக் காப்பாற்றி வந்தனர். 1950-களுக்குப் பின் வந்த நைலான் வலை அந்த உழைப்பை அடியோடு நீக்கி, மீன்பாட்டையும் உயர்த்தியது. ஆனால் பருத்தி வலை கடலில் தவறினால் சில மாதத்தில் மட்கிவிடும். நைலான் வலை ஆண்டுக்கணக்கில் ஆளின்றி மீன் பிடித்துக்கொண்டிருக்கும்.

‘நைலான் ஆறு’ வகைக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. அதன் சங்கிலியைச் சூட்டால் கழற்றி மறுபடியும் காப்ரோலாக்டமாகவே ஆக்கிவிடலாம். ஸ்லோவேனியா நாட்டின் லியுப்லியானா நகரில் இத்தாலியக் கம்பெனி ஒன்று 2011ஆம் ஆண்டு முதல் இதனைப் பெரிய அளவில் செய்து வருகிறது. கடலிலிருந்தும் மீன்பண்ணைகளிலிருந்தும் எடுத்த பழைய வலைகளும், பழைய கம்பளங்களும் அந்த ஆலைக்கு மூட்டை மூட்டையாகச் செல்கின்றன. நூலாகி வெளிவந்து, நீச்சலுடையாகவும் காலுறையாகவும் மறுபடி கடைக்கு வருகின்றன.